அவங்க

எங்கள் பாஷையில் ஒரே சொல்தான்.
ஸியா.
அவனும் ஸியா, அவளும் ஸியா.
இருபத்தாறு வயதுவரை அதற்குள்ளே
வாடகையில்லாமல் குடியிருந்தேன்.

வைத்திக்குப்பம் வந்த மூன்றாம் மாதம்
பக்கத்து வீட்டு அமலோற்பவம்
மாடிக்கொடியில் துணி உதறியபடி கேட்டாள்:
“எங்க சவரிக்கு முன்னாடி
ஒனக்கு யாராச்சும் இருந்தாங்களா, மிந்தா?”

லுஸ்விமிண்டா என்பது முழுப்பெயர்.
மூன்று தீவுக்கூட்டங்களை ஒட்டுப்போட்டு
அப்பா வைத்தது.
இங்கே வந்ததில் ஒரு தீவின் பாதிதான் மிச்சம்.

“இருந்தாங்க.”
“என்ன வேல பாத்தாங்க?”
“இலோயிலோ படகுத்துறையில டிக்கெட் கிழிச்சாங்க.”
“அப்புறம்?”
“சண்ட போட்டாங்க. போயிட்டாங்க.”

தமிழில் வினைச்சொல்லுக்கு வால் உண்டு.
வந்தான், வந்தாள்.
வாலைப் பார்த்தால் ஆள் தெரிந்துவிடும்.
நல்லவேளை, ‘ங்க’ இருந்தது.
மரியாதை கொடுத்துக் கொடுத்தே
ஒடெஸ்ஸாவை ஒளித்துவைத்தேன்.

அமலோற்பவம் சிரித்தாள்.
“எத்தன ‘ங்க’! ரொம்ப வயசானவரோ?”

ஒடெஸ்ஸா என்னைவிட இரண்டு வயது சின்னவள்.
மழைக்காலத்தில் அவள் கழுத்து
டிக்கெட் தாள் மாதிரி மணக்கும்.
கடைசி நாள், படகு நேர அட்டவணையை வாசிக்கிற குரலில்
சொன்னாள்:
“நீ எப்படியும் ஒரு ஆம்பளகிட்டதான் போய் நிப்பே.”

சவரிநாதனின் கப்பல் இன்ஜின் பழுதாகி
எங்கள் ஊரில் பதினோரு வாரம் கிடந்தது அதற்குப் பிறகு.
மூன்றாம் நாளே அவனிடம் எல்லாம் சொன்னேன்.
கிரீஸ் கையால் மாங்காய் நறுக்கிக்கொண்டே
சரி என்றான்.
அந்தச் ‘சரி’யைத்தான் கல்யாணம் செய்துகொண்டேன்.

நெல்லித்தோப்புக் கோயிலில் மந்திரித்து
மோதிரம் மாற்றிய ஆறாம் இரவு
மின்விசிறியைப் பார்த்தபடி கேட்டான்,
“அதெல்லாம் இப்ப போயிடுச்சுல்ல?”
ஏதோ காய்ச்சலை விசாரிப்பதுபோல.
நல்லவன்.
அதனால்தான் பதிலுக்கு நேரமானது.

ஒருத்தி, போய்விடுவாய் என்றாள்.
ஒருத்தன், போய்விட்டதா என்கிறான்.
நானோ
பெரிய மார்க்கெட்டில் மீன் ஆயும் பூங்காவனத்தின் முன்
நெத்திலிக்கும் செதில் எடுக்கச் சொல்லி
நின்றுகொண்டிருக்கிறேன்.
“நெத்திலியில ஏதும்மா செதிலு?
ஒங்க நேபாளத்துல மீனே கெடையாதா?”
முழங்கைவரை வெள்ளியாய் ஒட்டிக்கிடக்கிறது
காலையில் ஆய்ந்த சங்கராவின் மினுக்கம்.
கண்ணை எடுக்கத் தெரியவில்லை எனக்கு.

அன்று ராத்திரி வீடியோவில் சவரி.
ஃபுஜைரா பக்கம் நங்கூரம் போட்டிருக்கிறார்களாம்.
பனியனில்லாத தோள், கழுத்தெலும்புக் குழியில்
துடைக்க மறந்த கரி.
எனக்கு நாக்கு வறண்டது.
சிக்னல் போனபின்னும்
நின்றுபோன அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காலைக்கும் ராத்திரிக்கும் நடுவே
நான் எந்தக் கோட்டையும் தாண்டவில்லை.
கூடையில் அதே நெத்திலி வாசம்.

நேற்று மறுபடி மாடி.
உப்புக்காற்றில் எதுவும் முழுசாய்க் காயாது இங்கே.
சிவப்பு வாளி, அமலோற்பவத்தின் வாயில் இரண்டு கிளிப்.
எப்படி வந்ததென்று தெரியாது,
நானாகத்தான் ஆரம்பித்தேன்.
“அன்னிக்குக் கேட்டியே. இருந்தா.”

கிளிப்பை எடுத்துவிட்டுத் திருத்தினாள்,
“இருந்தான்னு சொல்லணும், பைத்தியம்.”

“இல்ல. இருந்தா.”

ஒரு சட்டை சொட்டியது.
கீழே தெருவில் ஐஸ் வண்டி திரும்பியது.
போர்வையின் மறுமுனையை என்னிடம் நீட்டினாள்,
இருவரும் முறுக்கினோம்,
அவள் வலப்பக்கம், நான் இடப்பக்கம்,
கடைசிச் சொட்டுவரை.

கொடியில் போட்டு இழுத்துவிட்டு
போர்வைக்கு அந்தப்புறமிருந்து
மெதுவாகக் கேட்டாள்:

“அந்தப் பொண்ணுக்கு
இப்ப யாராச்சும் இருக்காங்களா?”